திரையில்லாத கேமராவும் நான் சொன்ன ஆரூடமும்

அந்தக் கேமராவின் பின்பக்கத்தில் திரை கிடையாது. எடுத்த படத்தை எடுத்த இடத்தில் பார்க்க முடியாது. வீட்டுக்குப் போய்க் கணினியில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஃபிலிம் காலத்து அனுபவத்தைத் திரும்பத் தருகிறோம் என்று தயாரித்த கம்பெனி சொன்னது. அந்த அனுபவத்திலிருந்து தப்பித்து வர எங்களைப் போன்ற கல்யாண போட்டோகிராபர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும், அது சந்தையைக் கலக்கப்போகிறது என்று தமிழில் முதலில் சொன்னவன் நான். தச்சநல்லூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு, அடித்துச் சொன்னேன்.

கல்யாணம் இல்லாத மாதங்களில் பொழுது போகாமல் ஆரம்பித்தது அந்த வீடியோ சேனல். கேமராக்களைப் பற்றிப் பேசுவேன். ஒருமுறை, ஒரு கேமராவின் விலை குறையும், அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று சொன்னேன். இரண்டே வாரத்தில் குறைந்தது. அது தீபாவளி சமயம். சட்டை முதல் சலவை இயந்திரம் வரைக்கும் எல்லாமே குறைந்திருந்தது. ஆனாலும் முன்கூட்டிச் சொன்னவன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. அதன்பின் நான் கேமராவைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, சந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கேமராவைப் பற்றிப் பேச அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சந்தையைப் பற்றிப் பேச அந்தத் தொந்தரவு இல்லை.

இந்தக் கேமரா அறிவிக்கப்பட்ட வாரத்தில் ஜங்ஷன் பக்கம் கேமரா கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபிலிம் சுருள் விற்ற நாளிலிருந்து அந்தக் கடை இருக்கிறது. என் முதல் கேமராவை அவரிடம்தான் வாங்கினேன். கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்து போயிருந்தான். எடுத்தால் ஒரு பெட்டி முழுக்க எடுக்க வேண்டும், ஒன்றிரண்டு தரமாட்டோம் என்று சொல்லி, மினுமினுக்கும் விளம்பரத் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தான். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வே, பின்னால பலகை அடிச்ச மாதிரி இருக்கு. படம் எங்கன தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. அதுதான் இதோட விசேஷம்."

"தெரியாம இருக்கதா விசேஷம்? நீரு என்ன நினைக்கீரு? பெட்டிய எடுக்கவா, வேண்டாமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார், நாற்காலி போடச் சொல்கிறார், டீ வருகிறது. இத்தனைக்கும் பிறகு தெரியாது என்று சொல்ல எப்படி மனம் வரும்?

"நாளைக்கு ஆன்லைன்ல முன்பதிவு ஆரம்பிக்காங்க அண்ணாச்சி. ரேங்க் எப்படிப் போகுதுன்னு ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லுதேன்."

பெரிய ஆன்லைன் கடைகளில் ஒரு பட்டியல் உண்டு. எந்தச் சாமான் அதிகம் விற்கிறது என்று மணிக்கொரு தரம் வரிசைப்படுத்திக் காட்டும். அதைத்தான் சொன்னேன். பங்குச்சந்தைக்காரன் சொல்வதுபோல் "எப்படிப் போகுது" என்று நான் சொன்ன தோரணையில் அண்ணாச்சி கொஞ்சம் மரியாதையாகவே தலையாட்டினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. இரண்டு மணிக்குப் பார்த்தேன். கேமராக்களில் முதலிடம்! சொந்தத்தில் ஒரு பையன் மாநிலத்தில் முதலாவதாக வந்ததுபோல் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று மணிக்கும் முதலிடம். நான்கு மணிக்கும். ஒவ்வொரு மணிக்கும் திரையைப் படம் பிடித்து வைத்தேன். சாயங்காலம் ஒரு சார்ட் அட்டை வாங்கிவந்து சுவரில் ஒட்டி, கட்டம் போட்டு, புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன்.

என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ரேங்க். புதுக் கேமரா வந்துருக்குல்லா. முதலிடத்துல நிக்கி."

"முதலிடம்னா எத்தனை வித்துருக்கு?"

"அதெல்லாம் போட மாட்டாங்க."

"ரெண்டாவது இருக்கதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"அதையும் போட மாட்டாங்க."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"முதலிடம்னு தெரியும்."

அவள் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது. "போன மாசம் பெருமழை பேஞ்ச அன்னைக்கு எங்க கிளாசுக்கு ரெண்டே பேருதான் வந்தானுவ. டெஸ்ட் வச்சேன். அன்னைக்கும் ஒருத்தன் முதல் ரேங்க் வாங்குனான்."

கணக்கு டீச்சர்களுக்குச் சந்தை புரியாது என்று நான் அன்றைக்கே முடிவுகட்டினேன். இரண்டாம் நாள் காலையில் வீடியோ போட்டுவிட்டேன். தலைப்பில் "சந்தையைப் புரட்டிப்போடும்" என்ற சொற்கள் இருந்தன. முகப்புப் படத்தில் நான் வாயைப் பிளந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தால்தான் ஆட்கள் பார்ப்பார்கள். வீடியோ பத்து நிமிடம். ரேங்கைப் பற்றி எட்டு நிமிடம் பேசினேன். மிச்ச நேரத்தில் விளம்பரத் தாளில் இருந்ததை வாசித்தேன்.

வெள்ளி நிறமும் கறுப்பு நிறமும் தனித்தனியாகப் பட்டியலில் இருந்தன. வெள்ளி முதலிடம், கறுப்பு ஒன்பதாமிடம். இளைய தலைமுறையின் மனம் வெள்ளியின் பக்கம் திரும்பிவிட்டது என்று விளக்கினேன். கறுப்புக்கு அந்த ஆன்லைன் கடையில் முன்பதிவே இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்பதைப் பிற்பாடு ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதினார். அதற்கு ஒரு கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நாங்கள் போட்டோகிராபர்கள் காலையில் கூடுவோம். கல்யாணம் இல்லாத நாளில் பதினைந்து பேராவது வருவார்கள். அங்கே அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. எங்களில் தொப்பி போட்ட ஒருவர் உண்டு; ஊரில் முதன்முதலில் ட்ரோன் வாங்கியவர், முதன்முதலில் ட்ரோனை ஆற்றில் விட்டவரும் அவர்தான். அவர் செல்போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"லே, இன்னும் ஒண்ணாவது இடத்துலதாம்லே நிக்கி. நாம மட்டும் பின்னால நிக்கோம்."

"முன்பதிவுதானே, பிடிக்கலன்னா அனுப்புறதுக்கு முன்னால ரத்து பண்ணிரலாம்" என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். ஆளாளுக்குக் குனிந்து செல்போனைத் தட்டினார்கள். யார் போட்டார்கள், யார் சும்மா தட்டினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், காலையில் மூன்றாமிடத்துக்கு இறங்கியிருந்த கேமரா மறுபடி முதலிடம். உடனே இரண்டாவது வீடியோ. "அசைக்க முடியாத வேகம்."

ஐந்தாம் நாள் சோதனை வந்தது. முதலிடத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில், முயல் காது வைத்த குழந்தைகள் கேமரா ஒன்று ஏறி உட்கார்ந்தது. நம் கேமரா பதினான்காமிடம். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், கையிருப்பு தீர்ந்திருக்கும், அதனால்தான் ரேங்க் இறங்கியிருக்கிறது, ஆகவே இதுவும் தேவை அதிகம் என்பதற்கே அத்தாட்சி என்று விளங்கியது. மூன்றாவது வீடியோவில் அதைச் சொன்னேன். மறுநாள் கேமரா இரண்டாமிடத்துக்கு ஏறியதும், பார்த்தீர்களா, கையிருப்பு வந்துவிட்டது என்றேன். ஏறினாலும் நான் சொன்னதுதான், இறங்கினாலும் நான் சொன்னதுதான். இப்படி ஒரு வசதியான தொழிலை விட்டுவிட்டு இருபது வருடமாக வெயிலில் கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்திருக்கிறேனே என்று வருத்தமாக இருந்தது.

வாரக் கடைசியில் அண்ணாச்சியிடம் போனேன். சார்ட் அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி மேசைமேல் விரித்து, முனைகளில் லென்சுகளை வைத்து அழுத்தி, கோட்டின் மேல் விரலை ஓட்டினேன். அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"கோடு நல்லாத்தான் இருக்கு வே. வாங்குதவன் யாருன்னு இதுல தெரியுமா?"

"அது தேவையில்ல அண்ணாச்சி. போக்குதான் முக்கியம்."

பெட்டியை எடுத்தார்.

பெட்டி வந்ததும் உறையை உடைத்து முதல் கேமராவை என் கையில் கொடுத்தார், நாலு கல்யாணத்தில் காட்டும், ஆட்கள் கேட்பார்கள் என்று. அந்த வாரம் சேரன்மகாதேவியில் எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது. ஆற்றுக்குப் போகும் சாலையில் மண்டபம். காலையில் மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக நிறுத்திப் புதுக் கேமராவில் எடுத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், ஓய்வுபெற்ற தாசில்தார், எடுத்த கையோடு என் பக்கம் வந்து நின்றார்.

"காட்டும், பார்ப்போம்."

"இதுல பார்க்க முடியாது சார்."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல சார், புது மாடல்."

"புது மாடல்ல தெரியாதா? பழைய மாடல்ல?"

"அதுல தெரியும் சார்."

"அப்ப பழசையே கொண்டுவர வேண்டியதுதானே வே."

ஃபிலிம் காலத்து அனுபவம் என்று ஆரம்பித்தேன். "எங்க கல்யாணத்துல ஃபிலிம்லதான் எடுத்தான். முக்காவாசிப் படத்துல எனக்குத் தலை கிடையாது" என்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "மாமா, அவரு உள்ள ஒண்ணும் போடாம சும்மா தட்டுதாரு" என்றது. சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா, எடுத்த படம் எதுவும் பதியவில்லையாம் என்று மணமகள் அறைக்கே போய்ச் சொல்லிவிட்டாள். அங்கிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. செல்போனை எடுத்து, ஆன்லைன் பட்டியலைத் திறந்து, தாசில்தாரிடம் நீட்டினேன். "பாருங்க சார், நாட்டுலயே அதிகமா விக்கிற கேமரால இதும் ஒண்ணு."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கோப்பு பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"முதல்ல முயலு இருக்கே வே."

தாலி கட்டுவதற்கு முன் பையிலிருந்து என் பழைய கேமராவை எடுத்துக்கொண்டேன். மிச்சக் கல்யாணம் முழுக்க ஒவ்வொரு படத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சில படங்களை அவர் நிராகரிக்கவும் செய்தார். இத்தனைக்கும், புதுக் கேமராவில் எடுத்தவை வீட்டில் பார்க்கும்போது அருமையாக வந்திருந்தன. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் டீக்கடையில் தொப்பிக்காரரிடம் கேட்டேன், உங்களுக்குக் கேமரா வந்துவிட்டதா என்று.

"நான் அப்பவே ரத்து பண்ணிட்டேன் வே. திரை இல்லாத கேமராவ வச்சுக்கிட்டு எங்க போய் நிக்க?"

"எப்ப பண்ணுனீரு?"

"அனுப்பப் போறோம்னு தகவல் வந்துச்சுல்லா, அப்பவே."

பக்கத்தில் இருந்தவரும் ரத்து செய்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும். விசாரித்ததில் அந்த டீக்கடையில் மட்டும் பதினோரு பேர் முன்பதிவு செய்து, பதினோரு பேரும் ரத்து செய்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "பிறகு எதுக்கு வே போட்டிய? உங்க முன்பதிவால ரேங்க் ஏறுனதப் பார்த்துட்டுத்தானே நான் நல்லா போகுதுன்னு சொன்னேன்?"

தொப்பிக்காரர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "இது நல்லா இருக்கே. நாங்க உம்மள நம்பிப் போட்டோம். நீரு எங்கள நம்பிச் சொன்னீரா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாடியறைக்கு வந்து, அந்த மூன்று வீடியோவையும் என்றைக்கு, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று கேட்டாள். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் சார்ட்டில் மூன்று கோடு கிழித்தாள். பிறகு டீக்கடைக் கூட்டம் நடந்த நேரத்துக்கு ஒரு கோடு. நான்கு சிவப்புக் கோடுகளுக்கும் அடுத்து, ஒன்றுபோல, ரேங்க் மேலே ஏறியிருந்தது, இல்லையென்றால் முதலிடத்தை விட்டு இறங்காமல் நின்றிருந்தது. என் வீடியோவைப் பார்த்து மதுரையிலும் நாகர்கோவிலிலும் எத்தனை டீக்கடைகளில் தட்டினார்களோ!

"நாடு முழுக்க வித்தாலும் இந்தச் சாமான் ஒரு நாளைக்கு எத்தனை போகும்? பத்துப் பேரு சேர்ந்தா தூக்கிரலாம்போல" என்றாள். "ஒரு வாரமா நீங்க உங்க நாடியத்தான் பிடிச்சுப் பார்த்துருக்கீங்க."

அண்ணாச்சியைப் பார்க்கப் போகாமல் பத்து நாள் ஓட்டினேன். ஜங்ஷனுக்குப் போக வேண்டியிருந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஒருநாள் சுற்ற நேரமில்லாமல் நேராகப் போனபோது, கடை வாசலில் ஆளுயரத்துக்கு என் முகம் நின்றது. வாயைப் பிளந்து, கன்னத்தில் கை வைத்து. வீடியோவின் முகப்புப் படத்தை அப்படியே பெரிதாக அச்சடித்து, "நம்பர் ஒன் கேமரா இங்கே கிடைக்கும்" என்று மேலே எழுதியிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்குபவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் போனார்கள்.

அண்ணாச்சி சிரித்த முகமாக வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். டீயும் வந்தது.

"அண்ணாச்சி, அந்தப் போர்டை..."

"நல்லா இருக்குல்லா? வாரவன் எல்லாம் நின்னு பார்க்கான். சில பேரு, யாரு இவரு, பல்லு டாக்டரான்னு கேக்கான்."

"எடுத்துரலாமே அண்ணாச்சி."

"பெட்டி காலியாகட்டும் வே. எடுத்துருவோம்."

டீயை என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கம்பெனியைத் திட்டி மனசை ஆற்றியிருப்பேன். பெட்டியில் எத்தனை மிச்சம் என்று எட்டிப் பார்த்தேன். எனக்குக் கொடுத்ததைத் தவிர ஒன்றே ஒன்றுதான் போயிருந்தது.

வாங்கியவர் உவரிக்காரர். கோயில் திருவிழாவும் கடற்கரை ஊர்க் கல்யாணங்களும் எடுப்பவர். உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னார் என்று அண்ணாச்சி தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்பது ஒரு பக்கம், அவர் என்னைப் பற்றி வேறு எங்கும் போய்ப் பேசுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை திசையன்விளை வழியாக பைக்கில் போனேன்.

வீட்டில் இல்லை, கரையில் இருக்கிறார் என்றார்கள். வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த மணலில், கழுத்தில் அந்த வெள்ளிக் கேமராவோடு, ஒரு வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"அண்ணே, வீடியோல பார்த்த மாதிரியே இருக்கிய. வாய்தான் மூடியிருக்கு."

நான் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். ரேங்கை நம்பிச் சொல்லிவிட்டேன், அது தப்பாகிவிட்டது, திரையில்லாமல் சிரமமாக இருந்தால் அண்ணாச்சியிடம் பேசி வேறு கேமரா மாற்றித் தருகிறேன். அவர் முகத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரேங்கா? அது என்னது?"

"வீடியோல எட்டு நிமிஷம் அதத்தானே பேசினேன்."

"அதெல்லாம் தள்ளி விட்டுட்டேன்ண்ணே. கடைசில, தண்ணி பட்டாலும் உப்புக்காத்து பட்டாலும் உள்ள போகாதுன்னு ஒரு வார்த்த சொன்னிய பாத்தீங்களா. அதுக்காவத்தான் வாங்குனேன். இங்கன ரெண்டு வருசத்துக்கு ஒரு கேமரா துரு ஏறிப் போயிருது."

விளம்பரத் தாளிலிருந்து நான் வாசித்த வரி அது. வாசிக்கும்போது அதன் அர்த்தம்கூட என் மனதில் பதியவில்லை.

"திரை இல்லாதது கஷ்டமா இல்லையா?"

"இந்த வெயில்ல திரை இருந்தாலும் என்னத்தத் தெரியப் போகுது? முன்ன எல்லாம் ஒரு படம் எடுத்தா பத்துப் பேரு மேல வந்து விழுவானுவ, காட்டு காட்டுன்னு. இப்ப காட்ட ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அவனவன் சோலியப் பாக்கான். நான் எனக்குத் தோணுனத எடுக்கேன்."

வீட்டுக்குக் கூட்டிப்போய், கொடியேற்றத்தன்று எடுத்த படங்களைக் கணினியில் காட்டினார். கயிற்றைப் பிடித்திருந்த கைகள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்க்கும் பெண்கள், கூட்டத்தில் செருப்பைத் தேடும் ஒருவர். யாருமே கேமராவைப் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் நான் எடுத்த எந்தக் கல்யாண ஆல்பத்திலும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. பாராட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன். என்னையறியாமல், என்ன லென்ஸ் என்று கேட்டுவிட்டேன்.

கிளம்பும்போது, தானும் மனைவியும் சேர்ந்து இருக்கும் படமே வீட்டில் இல்லை என்று சொல்லி, கேமராவை என்னிடம் கொடுத்தார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். எடுத்தேன்.

"நல்லா வந்துருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரியலம்மா" என்றேன்.

செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாரை மீனோடு வீடு திரும்பினேன். அந்த வாரமே, நான் சொன்னது தப்பு என்று ஒரு வீடியோ போட்டேன். முகப்புப் படத்தில் வாயை மூடியிருந்தேன். அதனாலோ என்னவோ, பார்த்தவர்கள் சொற்பம். அண்ணாச்சி கடையிலிருந்து பிறகு மூன்று கேமராக்கள் போயின. மூன்றும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு. உவரிக்காரர் சொல்லி அனுப்பியவர்கள். மிச்சம் அலமாரியில் இருக்கிறது. கம்பெனி அந்த மாடலையே அடுத்த ஆண்டு நிறுத்திவிட்டது. பெட்டி காலியாகாததால் போர்டும் வாசலில் இருக்கிறது. வெயிலில் வெளுத்து, என் முகம் இப்போது லேசான நீல நிறத்துக்கு வந்துவிட்டது.

உவரிக்காரர் அன்றைக்கு நான் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். அவர் நன்றாகச் சிரித்திருக்கிறார். அந்த அம்மா கண்ணை மூடியிருக்கிறார். அதைத்தான் பெரிதாகச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார்களாம்.